ஃபிரிட்ஜின் சுவருக்குள் இருப்பது

பழைய ஃபிரிட்ஜ் ஒன்று காயலான் கடைக்கு வந்தால் முதலில் வெட்டுப்படுவது கம்ப்ரசருக்குப் போகும் குழாய்தான். கட்டிங் பிளேயரால் ஓர் அழுத்து, ‘புஸ்’ என்று சில நொடி சத்தம், அப்புறம் அடியில் இருக்கும் போல்ட்டுகள். கொஞ்ச நேரத்தில் கம்ப்ரசர் தராசில் ஏறிவிடும். அந்த ஃபிரிட்ஜ் 1990களில் செய்ததாக இருந்தால், ‘புஸ்’ என்று போனது ஏறக்குறைய 100 கிராம் ஆர்-12 என்ற குளிர்வாயு. ஒரு கிலோ ஆர்-12, நூறாண்டுக் கணக்கில், சுமார் 10,900 கிலோ கார்பன்-டை-ஆக்சைடுக்கு ஈடாகப் பூமியைச் சூடேற்றும். அப்படிப் பார்த்தால் அந்தச் சில நொடியில் போனது ஒரு டன். ஓசோன் படலத்துக்குச் செய்த கேடு தனிக் கணக்கு.

சத்தமே இல்லாமல் போவது இதைவிட அதிகம். அதே ஃபிரிட்ஜின் சுவர்களில் நிரப்பியிருக்கும் மஞ்சள் ஃபோமின் நுண்ணறைகளில், ஃபோமை உப்பவைத்த ஆர்-11 என்ற வாயு அடைந்து கிடக்கிறது. பெரிய பெட்டியில் அது 300 கிராம் அளவுக்கு இருக்கும். குழாயில் ஓடும் கேஸைப்போல மூன்று மடங்கு. சம்மட்டியால் அடித்துத் தகட்டை உரிக்கும்போது ஃபோம் உடைகிறது, ஆர்-11 கசிகிறது. அதன் கொதிநிலை 24 டிகிரிக்குச் சற்றுக் கீழே. சென்னையில் எந்த மாதமானாலும் பகலில் நிழலில்கூட அது வாயுதான்.

ஃபிரிட்ஜில் காசு இருப்பது ஓரிடத்தில், கேடு இருப்பது வேறிடத்தில். கம்ப்ரசரில் செம்பு இருக்கிறது, உடம்பில் இரும்புத் தகடு இருக்கிறது. ஃபோமில் விற்கக்கூடியது எதுவும் இல்லை. விலையை மட்டும் பார்த்துக் கழற்றினால் கத்தி எப்போதும் தப்பான இடத்தில்தான் முதலில் விழும். பொருளைச் செய்யும்போதே அதைக் கழற்றும் நாளையும் யோசித்துச் செய்ய வேண்டும் என்று உற்பத்தித் துறையில் முப்பது ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு எங்கே நிறைவேறியது, எங்கே நின்றுபோனது என்பதைப் பார்க்க ஃபிரிட்ஜைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஏனென்றால் அதில் பாதி ஸ்குரூவில் நிற்கிறது, பாதி ஒட்டில் நிற்கிறது.

பூட்டுவதைத் திருப்பிப் போட்டால் கழற்றுவது ஆகாது

தொழிற்சாலையில் ஒரே மாடலில் ஆயிரம் ஃபிரிட்ஜ் வரிசையாக வரும். எல்லாம் புதுசு, எல்லா ஸ்குரூவும் ஒரே அளவு. கழற்றும் வரிசையில் அடுத்து வருவது எது என்று யாருக்கும் தெரியாது. 1998இல் வாங்கிய ஒற்றைக் கதவுப் பெட்டிக்குப் பின்னால் 2016இல் வாங்கிய இரட்டைக் கதவு வரும். ஒன்றில் அடி போல்ட் துருவேறி ரப்பர் புஷ்ஷோடு இறுகியிருக்கும், இரண்டு நிமிட வேலை ஆறு நிமிடம் இழுக்கும். அடுத்ததில் கம்ப்ரசரே இருக்காது, மெக்கானிக் முன்பே கழற்றி வேறு பெட்டிக்குப் போட்டிருப்பார். முதலாவதில் பின்னால் நிற்பவர் வேலை வராமல் காத்திருப்பார். இரண்டாவதில் கேஸ் எடுக்கும் மேடையே சும்மா நிற்கும். கழற்றும் வரிசையில் வேலையை ஆளுக்கு ஆள் சமமாகப் பங்கிடுவது கணக்கு முறையாகவே கடினமான புதிர் என்று நிரூபித்திருக்கிறார்கள். தளத்தில் நிற்பவருக்கு அதை நிரூபித்துக் காட்ட வேண்டிய அவசியம் இருக்காது.

உதிரி பாகக் கணக்கும் தலைகீழ். பூட்டும் இடத்தில் நூறு ஃபிரிட்ஜ் வேண்டும் என்றால் நூறு தெர்மோஸ்டாட், நூறு கம்ப்ரசர் என்று ஒரே எண்ணிலிருந்து எல்லாம் பிரிந்துவிடும். கழற்றும் இடத்தில் மாதம் 30 கம்ப்ரசர், 10 தெர்மோஸ்டாட், 80 காய்கறிப் பெட்டி கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 80க்காக 80 ஃபிரிட்ஜையும் பிரித்தாக வேண்டும். 50 கம்ப்ரசரும் 70 தெர்மோஸ்டாட்டும் கேட்பாரற்றுக் கிடங்கில் நிற்கும். காய்கறிப் பெட்டியில் பாதி விரிசல் விட்டது என்றால் 160 பிரிக்க வேண்டும், மீதி இரட்டிப்புக்கும் மேலே போகும். உதிரி பாகத்துக்காகக் கழற்றும் தொழில் நொடித்துப்போகும்போது பெரும்பாலும் இந்த மீதிதான் காரணம். வேண்டிய ஒன்றை மட்டும் தனியாக வரவழைக்க முடியாது.

அதனால்தான் ‘எவ்வளவு தூரம் கழற்றுவது’ என்ற கேள்வி வருகிறது. ஒவ்வொரு பாகத்தையும் எடுக்க ஆகும் கூலிக்கும் அதிலிருந்து வரும் காசுக்கும் இடைவெளி குறைந்துகொண்டே போகும். ஓரிடத்தில் நிறுத்திவிட்டு மீதியை அரவையில் போடுவதுதான் லாபம். ஆனால் கேஸ், எண்ணெய், பழைய சில ஃப்ரீசர்களின் மூடி விளக்கில் இருக்கும் பாதரச சுவிட்ச் ஆகியவை இந்த லாபக் கணக்குக்குள் வரக் கூடாது. காசு வந்தாலும் வராவிட்டாலும் அவை முதலில் வெளியே வந்தாக வேண்டும்.

கேஸ் எடுப்பது

முதல் வேலை பெயர்ப்பலகையைப் படிப்பது. பின்பக்கம் கம்ப்ரசருக்கு அருகிலோ உள்ளே பக்கச் சுவரிலோ ஒட்டியிருக்கும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அதில் இருக்கும். பல மாடல்களில் ஃபோமை உப்பவைத்த வாயுவின் பெயரும் இருக்கும். ஆர்-134ஏ என்றால் சிறிய பெட்டியில் நூறு கிராமை ஒட்டி வரும். ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன் என்றால் முப்பதிலிருந்து எண்பது கிராம். தீப்பிழம்பு வரைந்த மஞ்சள் முக்கோணமும் கூடவே இருக்கும்.

பலகையை அப்படியே நம்பினால் ஆபத்து. இந்தியாவில் ஆர்-12 கிடைப்பது அருகிய பிறகு, அந்தப் பழைய பெட்டிகளுக்குப் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த ஹைட்ரோகார்பன் கலவையை ஏற்றும் பழக்கம் வந்தது. கம்ப்ரசரை மாற்றாமலே ஓடும் என்பதால் மெக்கானிக்குகளுக்கு வசதி. ஆகவே பலகையில் ஆர்-12 என்று இருக்கும், உள்ளே எரியும் கேஸ் இருக்கும். கேஸைச் சோதிக்கும் கருவி இல்லாத இடத்தில் வருகிற ஒவ்வொன்றையும் எரியும் கேஸ் உள்ளது என்றே வைத்துக் கையாளுவதுதான் சரி.

45 கிராம்தானே என்று தோன்றும். வாயுவாக விரிந்தால் அது சுமார் 19 லிட்டர். காற்றில் 1.8 சதவீதம் கலந்தாலே ஐசோபியூட்டேன் தீப்பிடிக்கும். கணக்குப் போட்டால் ஒரு கன மீட்டர் காற்றைப் பற்றவைக்க இந்த 45 கிராம் போதும். காற்றைப்போல இரு மடங்கு கனம் என்பதால் தரையோடு படுத்துக் கிடக்கும். கூரையில் சுழலும் மின்விசிறி அதை வெளியேற்றாது, உறிஞ்சும் விசிறி தரை மட்டத்தில் இருக்க வேண்டும். ஏசிக்குப் பயன்படுத்தும் சாதாரண கேஸ் மீட்பு இயந்திரத்தை இதற்கு மாட்டக் கூடாது. அதன் சுவிட்சும் மோட்டாரும் பொறி விடலாம்.

சிலிண்டர் நிரப்புவதில் ஒரு கண்ணி வேறு. எந்த கேஸானாலும் கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் திரவம் ஏற்றக் கூடாது, வெயிலில் விரிய இடம் வேண்டும். இதை எல்லோரும் எடை பார்த்துத்தான் அளக்கிறார்கள். ஆர்-134ஏ திரவம் லிட்டருக்கு சுமார் 1.2 கிலோ, ஐசோபியூட்டேன் 0.55 கிலோ. பத்து கிலோ ஆர்-134ஏ பிடிக்கும் சிலிண்டரில் ஐசோபியூட்டேனை நாலரை கிலோவில் நிறுத்திவிட வேண்டும். பழைய பழக்கத்தில் பத்து என்று ஏற்றப் போனால் அது நிரம்பி வழிந்த சிலிண்டர்.

முறையாக நடத்தும் ஆலையில் குழாயை வெட்டுவதில்லை. பெட்டியைச் சாய்த்துக் கிடத்தி, கம்ப்ரசரின் அடியில் ரப்பர் அடைப்போடு கூடிய துளையிடும் தலையைக் கவ்வவைத்து, கம்ப்ரசரின் இரும்பு ஓட்டைத் துளைத்து, வெற்றிடத்தால் கேஸையும் எண்ணெயையும் சேர்த்தே உறிஞ்சுவார்கள். எண்ணெயை ஏன் சேர்த்து எடுக்க வேண்டும் என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. ஒரு கம்ப்ரசரில் 200 முதல் 300 மில்லி எண்ணெய் இருக்கும், அதில் கேஸ் கரைந்திருக்கும். குழாயை வெட்டி ‘புஸ்’ நின்றதும் எல்லாம் போய்விட்டது என்று நினைக்கிறோம். எண்ணெயில் கரைந்தது மெதுவாகத்தான் வெளியே வரும். ஐசோபியூட்டேன் கனிம எண்ணெயில் தாராளமாகக் கரையும். வெட்டிய உடனே கேஸ் கட்டிங் சுடரை அதன் மேல் காட்டினால் குபீர் என்று பிடிப்பது இதனால்தான். ஆலைகளில் உறிஞ்சிய எண்ணெயைச் சூடாக்கிக் கேஸைப் பிரித்தெடுப்பார்கள். ஐரோப்பியத் தரத்தில் எண்ணெயில் மிஞ்சும் குளிர்வாயு எடையில் 0.2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

கேஸ் போன பிறகு கம்ப்ரசர் எளிது. ரிலே, ஓவர்லோடு, கப்பாசிட்டர் ஆகிய மின் பாகங்களைத் தனியே எடுத்து, குழாய்களை வெட்டி, வெட்டிய முனைகளை நசுக்கி மூட வேண்டும். இல்லாவிட்டால் கிடங்கு முழுக்க எண்ணெய் சொட்டும். கம்ப்ரசரை அப்படியே இரும்போடு உருக்குக்கு அனுப்புவது கெட்ட பழக்கம். உள்ளே மோட்டார் சுருளில் இருக்கும் செம்பு உருகிய இரும்பில் கலந்துவிட்டால் எந்த ஊதுலையிலும் திரும்பப் பிரியாது. அந்த இரும்பைச் சூட்டோடு உருட்டும்போது மேல்புறம் விரிசல் விடும். கட்டுமானக் கம்பி 0.4 சதவீதம் வரை செம்பைத் தாங்கும், தகடு அதில் கால் பங்குகூடத் தாங்காது. அதனால் ஓட்டின் வெல்டிங் கோட்டைச் சுற்றி அறுத்துத் திறந்து, மோட்டாரின் சுழலாத பகுதியான ஸ்டேட்டரை எடுத்து, சுருளை உளியால் வெட்டி இழுப்பார்கள். இப்போது வரும் சில மலிவுக் கம்ப்ரசர்களில் சுருள் அலுமினியம். மேலே செம்பு நிற வார்னிஷ் இருப்பதால் வெட்டிப் பார்த்த பிறகே ஏமாந்தது தெரியும்.

ஒட்டு தொடங்கும் இடம்

கண்ணாடித் தட்டு, காய்கறிப் பெட்டி, கதவு கேஸ்கட் எல்லாம் கையோடு வந்துவிடும். கேஸ்கட்டை ஒரு மூலையில் பிடித்து இழுத்தால் பள்ளத்திலிருந்து முழு வளையமாகக் கழன்றுவிடும். மென்மையான பிவிசி, உள்ளே காந்தப் பட்டை. அதை விட்டுவிட்டால் அரவைக்குப் பின் காந்தத்தில் இரும்போடு ஒட்டிக்கொண்டு பிவிசியும் உருக்குக்குப் போகும். கண்ணாடியை விட்டால் அரவைக் கத்தி தேயும்.

பழைய மாடல்களில், சூட்டை வெளியே விடும் குழாயான கண்டென்சர் முதுகில் கறுப்புக் கம்பி வலையாகத் தெரியும். நாலைந்து ஸ்குரூ, இரண்டு வெட்டு, அவ்வளவுதான். இப்போது அதைக் காணோம். முதுகு வழவழப்பாக இருக்கிறது, சுவரோடு ஒட்டி வைக்கலாம், தூசி அடையாது. குழாயை வெளித் தகட்டின் உள்பக்கம் அலுமினிய நாடாவால் ஒட்டி, அதன் மேல் ஃபோமை ஊற்றிவிட்டார்கள். பக்கச் சுவரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது அதுதான். பயன்படுத்துபவருக்கு நல்லது, கழற்றுகிறவருக்கு முழு அடைப்பு. உள்ளே கேஸ் கசிந்தால் பழுது பார்க்கவும் வழியில்லை. மெக்கானிக் பின்னால் புதிய கண்டென்சரை வெளியே பொருத்திக் கொடுப்பதைப் பார்த்திருக்கலாம். உள்ளே இருப்பதை எடுக்க முடியாததால் செய்யும் மாற்று வழி அது.

எல்லாவற்றுக்கும் மூலம் ஃபோம். தகட்டுக்கும் உள் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் இரண்டு திரவங்களைச் செலுத்தினால் அவை வினைபுரிந்து உப்பி, இரண்டையும் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. அது குளிரைக் காப்பது மட்டுமல்ல, பெட்டிக்கு விறைப்பைக் கொடுப்பதும் அதுதான். அதனால்தான் தகடு காகிதம்போல மெலிந்திருந்தும் ஃபிரிட்ஜ் நிற்கிறது. அந்த ஒட்டைத் திருப்பி எடுக்கும் வழியை யாரும் வணிக அளவில் கொண்டுவரவில்லை. ஃபோம் ஊற்றும் அச்சில் அந்தப் பெட்டி நின்ற சில நிமிடங்களில், அது எங்கே வரை கழலும் என்பது முடிவாகிவிடுகிறது. அதற்கு மேல் அரவைதான்.

அரவை திறந்தவெளியில் நடக்கக் கூடாது. மூடிய அறைக்குள் நைட்ரஜன் நிரப்பி, எரிய முடியாத அளவுக்கு ஆக்சிஜனைக் குறைத்து அரைப்பார்கள். ஆர்-11க்குப் பிறகு வந்த ஃபோம்கள் பலவற்றில் சைக்ளோபென்டேன் இருக்கிறது, அது எரியும். ஒரு பெட்டியில் நாலைந்து கிலோ ஃபோம், அதில் இருநூறு கிராம் அளவுக்கு அந்த வாயு. ஃபோம் தூளும் காற்றில் பறந்தால் வெடிக்கக்கூடியது. வெளிவரும் வாயுவைக் கரித்தூள் படுகையிலோ திரவ நைட்ரஜன் குளிரிலோ பிடித்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் எரித்து அழிப்பார்கள். நுண்ணறைகளில் மிஞ்சியதை வெளியேற்றத் தூளை அழுத்திச் சூடாக்கி உருண்டையாக்குவார்கள். அப்புறம் காந்தம் இரும்பை இழுக்கும், சுழல் மின்னோட்டம் அலுமினியத்தையும் செம்பையும் தள்ளும், கடைசியில் பிளாஸ்டிக் மிஞ்சும்.

பிளாஸ்டிக்கில் இன்னொரு முடிச்சு. உள்சுவர் ஹிப்ஸ் என்ற பாலிஸ்டைரீன் அல்லது ஏபிஎஸ். சில பாகங்கள் பாலிபுரொப்பிலீன். பாலிபுரொப்பிலீன் தண்ணீரில் மிதக்கும், பிரிப்பது சுலபம். ஹிப்ஸும் ஏபிஎஸும் அடர்த்தியில் ஏறக்குறைய ஒன்று, இரண்டும் மூழ்கும். உப்புத் தண்ணீர் வைத்தும் பயனில்லை. கலந்து உருக்கினால் வரும் பொருள் நொறுங்கும். நம் ஊர்க் கடைகளில் தேர்ந்தவர்கள் துண்டை வளைத்து, தட்டி, தீக்குச்சி வைத்து மணத்தால் பிரிப்பார்கள். முழுத் துண்டாக இருக்கும் வரை அந்த வித்தை பலிக்கும், அரைத்த சில்லுக்குப் பலிக்காது. ஜப்பானில் மிட்சுபிஷி எலக்ட்ரிக்கின் சிபா ஆலையில் சில்லுகளை ஒன்றோடொன்று உரசவிட்டு மின்னேற்றி, உயர் மின்னழுத்தத் தட்டுகளுக்கு நடுவே விழவைக்கிறார்கள். ஏபிஎஸ் ஒருபக்கம் சாயும், பாலிஸ்டைரீன் மறுபக்கம் சாயும். காற்றில் ஈரப்பதம் ஏறினால் மின்னேற்றம் ஒழுகிவிடும் என்பதால் சில்லுகளை உலர்த்தி வைப்பதே பாதி வேலை.

யார் காசில்?

இந்த எந்திரங்களெல்லாம் காசு சம்பாதிப்பவை அல்ல. ஜப்பான் அதை ஒளிக்கவில்லை. 1998இல் இயற்றி 2001 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வீட்டு உபயோகப் பொருள் மறுசுழற்சிச் சட்டப்படி, ஃபிரிட்ஜைப் போடுகிறவர்தான் கட்டணம் கட்ட வேண்டும். பெரிய நிறுவனங்களின் பெட்டிக்கு 2024இல் அது அளவைப் பொறுத்து ஏறக்குறைய 3,700 யென் முதல் 4,700 யென் வரை இருந்தது, எடுத்துப்போகும் கூலி தனி. எடையில் 50 சதவீதம் மீள வேண்டும் என்று தொடங்கிய இலக்கு இப்போது 70. குழாயில் இருக்கும் கேஸை மீட்பது தொடக்கத்திலிருந்தே கட்டாயம், 2004 முதல் ஃபோமில் இருப்பதும் சேர்ந்தது. கட்டணத்துக்குப் பயந்து இரவில் மலைப்பாதை ஓரம் தள்ளிவிட்டுப் போகிறவர்களும் அங்கே உண்டு. ஆனாலும் ஒரு நல்ல விளைவு: ஃபிரிட்ஜைச் செய்யும் நிறுவனமே கழற்றும் ஆலையையும் நடத்துவதால், எந்த ஸ்குரூ தொல்லை என்ற புகார் வடிவமைப்பாளரின் மேசைக்கு நேராகப் போகிறது.

நம்மிடம் நிலைமை நேரெதிர். பழைய ஃபிரிட்ஜுக்கு நாம் காசு கொடுப்பதில்லை, வாங்குகிறோம். கொடுத்த காசை மீட்க வேண்டியவர் கம்ப்ரசரைத்தான் முதலில் பார்ப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கேஸை மீட்டால் அவருக்கு ஒரு பைசாவும் வருவதில்லை.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி உற்பத்தியாளர் மறுசுழற்சிச் சான்று, அதாவது ஆலையில் இவ்வளவு எடை மறுசுழற்சி ஆனது என்பதற்கான ஆவணம், வாங்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுக்கு 60 சதவீதம், அடுத்த இரண்டுக்கு 70, பிறகு 80 என்று இலக்கு ஏறுகிறது. சான்று நான்கு உலோகங்களுக்குத்தான் உருவாகிறது: தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம். குளிர்வாயுவைப் பாதுகாப்பாகக் கையாள வேண்டும் என்பதை 2023 ஜூலையில் திருத்தமாகச் சேர்த்தார்கள். கடமையாகச் சேர்ந்தது, சான்றாகச் சேரவில்லை. ஒரு கிலோ இரும்புக்குச் சந்தையில் கைமாறக்கூடிய காகிதம் இருக்கிறது, நூறு கிராம் கேஸுக்கு இல்லை.

ஐரோப்பிய ஆலைகளைத் தணிக்கை செய்யும்போது ஓர் எளிய சோதனை வைப்பார்கள். எண்ணி எடுத்த ஃபிரிட்ஜ்களின் பெயர்ப்பலகையில் உள்ள கிராம்களைக் கூட்டி, மீட்பு சிலிண்டரில் ஏறிய எடையோடு ஒப்பிடுவார்கள். 90 சதவீதம் வராவிட்டால் ஆலை தேறாது. குழாய் வெட்டுப்பட்டோ கம்ப்ரசர் இல்லாமலோ வந்தவற்றைத் தனியே எண்ணி ஒதுக்கிவிடுவார்கள். அவற்றிலிருந்து கேஸ் எடுத்ததாகக் கணக்குக் காட்ட முடியாது. நம் முறையில் கம்ப்ரசர் இல்லாமல் வந்த பெட்டியும் உரிமம் பெற்ற ஆலையின் தராசில் ஏறும், தகட்டின் எடைக்கு இரும்புச் சான்று கிடைக்கும். கேஸ் எந்த ஊரில், எந்தக் கடையின் வாசலில் போனது என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.